நூற்று நான்கு கட்டைகளும் நான்கே ‘ஈ’யும்

சென்ற ஆடித் தள்ளுபடியில் என் மருமகள் இணையத்தில் ஒரு பெட்டி வாங்கினாள். ஐந்து வயதுப் பேரனுக்கு ஆங்கிலம் வாசிக்கச் சொல்லித்தரும் ஃபோனிக்ஸ் பெட்டி, அதாவது எழுத்தின் ஓசைகளைக் கூட்டிச் சொல்லைப் படிக்கும் முறை. தள்ளுபடி போக 1,850 ரூபாய். அந்த விலைக்கு உள்ளே என்ன இருக்கிறது, நாங்களும் வாங்கலாமா என்று தெருவில் இரண்டு பேர், உறவில் நான்கு பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஒரு முறை சொல்லி வாய் வலிக்கிறது, எழுதிவிடுகிறேன். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப்போவதில்லை. குறையும் சொல்லி, பெயரையும் சொல்லி, வம்பை விலைக்கு வாங்க எனக்கு வயதில்லை. இதே சாயலில் பல பெட்டிகள் விற்கின்றன. நான் சொல்வதை எதற்கு வேண்டுமானாலும் பொருத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. நான் ஆசிரியை இல்லை. பதினேழு வயதில் மதுரையில் ஓர் அச்சகத்தில் கம்பாசிட்டராகச் சேர்ந்தவள். ஈய எழுத்துகளைக் கேஸிலிருந்து (அறை அறையாகத் தடுத்த எழுத்துப் பெட்டி) ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக்கில் (கையில் பிடிக்கும் சட்டம்) அடுக்குவது வேலை. கல்யாணப் பத்திரிகை, திருவிழா நோட்டீஸ், அரையாண்டு வினாத்தாள், கருமாதிக் கடிதம் என்று எது வந்தாலும் எழுத்து எழுத்தாகக் கோத்தாக வேண்டும். மற்றவர்கள் ‘மரம்’ என்று ஒரே பார்வையில் படித்துவிட்டுப் போவார்கள்; எனக்கு அது ம, ர, ம் என்று மூன்று தடவை கையை நீட்டும் வேலை. கணினி வந்து அந்தத் தொழிலை விழுங்கிய பிறகு மெய்ப்புத் திருத்தி, அதாவது அச்சுக்கு முன் பிழை பார்த்து, காலத்தை ஓட்டினேன். வாசிக்கப் பழகும் குழந்தையும் கிட்டத்தட்ட ஒரு கம்பாசிட்டர்தான். அதனால்தான் மருமகள் பெட்டியைப் பிரித்தபோது நான் கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தேன்.

உள்ளே இருந்தவை: சிறிய ஆங்கில எழுத்து (ஸ்மால் லெட்டர்) வெட்டிய மரக்கட்டைகள் 104, அவற்றை அடுக்க அறை அறையாகத் தடுத்த ஒரு தட்டு, படம் போட்ட அட்டைகள் 26, விரல் கனத்தில் 12 கதைப் புத்தகங்கள், கைப்பேசியில் காட்டினால் ஒலி கேட்கும் கட்டக்குறி (க்யூஆர் கோடு) அச்சிட்ட ஓர் அட்டை. இலவச இணைப்பாகத் தமிழ் எழுத்து அட்டைகள் 247. அந்த இலவசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கடைசியில் வருகிறேன்.

மரக்கட்டைகளைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல கனம், விளிம்பு மழுக்கியிருக்கிறார்கள், வண்ணம் வாயில் வைத்தாலும் உரிவதில்லை (வைத்துப் பார்த்துவிட்டான்). உயிர் ஐந்தும் சிவப்பு, மற்றவை நீலம். யாரோ யோசித்துச் செய்திருக்கிறார்கள். சிவப்பு இல்லாமல் ஒரு சொல்லும் அமையாது என்பதைப் பேரன் மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டான். ‘ஒய்’ கட்டையையும் நீலத்தில் சேர்த்ததால் பின்னால், அது உயிராக ஒலிக்கும் ‘ஹாப்பி’யை எழுதும்போது சண்டை வரும். வரட்டும்.

ஆனால் எண்ணிக்கையில் சொதப்பிவிட்டார்கள். இருபத்தாறு எழுத்து, எழுத்துக்கு நான்கு கட்டை, ஆக நூற்று நான்கு. கணக்கு அழகாக இருக்கிறது, பெட்டியிலும் நேராக உட்காருகிறது. அச்சகத்தில் இப்படி எழுத்து வாங்கியிருந்தால் முதலாளி என்னையும் எழுத்தையும் சேர்த்து வெளியே அனுப்பியிருப்பார். ஆங்கிலத்தில் மற்ற எல்லா எழுத்தையும்விட அதிகமாக வருவது ‘ஈ’. அச்சுக் கேஸில் அதற்குத்தான் இருப்பதிலேயே பெரிய அறை, அதுவும் கை போகும் நடு இடத்தில். ‘க்யூ’, ‘ஸெட்’ எல்லாம் ஓரத்தில் கையகலப் பொந்தில் கிடக்கும். இங்கே ‘ஈ’யும் நான்கு, ‘க்யூ’வும் நான்கு. பேரன் ஹென், டென், ரெட், பெட் என்று நான்கு சொற்களைக் கோத்துவிட்டு ஐந்தாவதாக ‘நெட்’ என்று கை நீட்டினால் ‘ஈ’ இல்லை. ‘ட்ரீ’, ‘பீ’ என்று இரட்டை ‘ஈ’ வரும் சொற்கள் என்றால் இரண்டோடு கடை மூடிவிடும். நான்கு ‘எக்ஸ்’ தட்டில் படுத்து எங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

அச்சகத்தில் எழுத்து தீர்ந்துபோனால் ஒரு வழக்கம் உண்டு. அதே அகலத்தில் வேறு எழுத்தைத் தலைகீழாகத் திருப்பி அந்த இடத்தில் வைத்துவிட்டு மேலே கோத்துக்கொண்டு போவோம். சரியான எழுத்து கிடைத்ததும் மாற்றுவோம். பேரனுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தேன். ‘எக்ஸ்’ஸைத் தலைகீழாக வைத்தான். அது தலைகீழாகவும் ‘எக்ஸ்’ஸாகவே இருந்தது. ‘கே’ என்று ஒப்பந்தம் செய்துகொண்டோம்.

அடுத்த குறை, திசை. சிறிய ஆங்கில எழுத்துகளில் பஸ்ஸின் ‘பி’யைச் சுற்றித் திருப்பினால் ‘க்யூ’ ஆகிவிடும். டாக்டரின் ‘டி’யைத் திருப்பினால் பென்சிலின் ‘பி’. ‘என்’னைத் திருப்பினால் ‘யு’. காகிதத்தில் இருக்கும்போது எழுத்து ஓடாது, கட்டையில் உருளும். பிள்ளைகள் ‘பி’யையும் ‘டி’யையும் மாற்றிப் படிக்கிறார்கள் என்று தாய்மார்கள் கவலைப்படுகிறார்களே, இந்தக் கட்டை அதற்கு எண்ணெய் ஊற்றும். ஈய எழுத்தின் உடம்பில் ஒரு பக்கம் சிறிய பள்ளம் வெட்டியிருக்கும். விரல் அதைத் தொட்ட உடனே எது தலை, எது கால் என்று தெரிந்துவிடும். கண்ணால் பார்க்க வேண்டியதே இல்லை. மரக்கட்டையில் அப்படி எதுவும் இல்லை. மருமகளின் சிவப்பு நகப்பூச்சை எடுத்து நூற்று நான்கு கட்டைக்கும் அடிவிளிம்பில் ஒரு கோடு போட்டேன். ஒரு மதியம் போயிற்று, நகப்பூச்சும் போயிற்று. “கோடு தரையைப் பார்க்க வேண்டும்” என்று ஒரே விதி. அதற்குப் பிறகு குழப்பம் பாதியாகக் குறைந்தது. பெட்டி வாங்குகிறவர்கள் முதல் வேலையாக இதைச் செய்துவிடுங்கள்.

பட அட்டைகளில் இருபது நன்று, ஆறு தவறு. இந்த ஆறும் ஏறக்குறைய எல்லா நிறுவனத்தாரும் செய்யும் தவறுகள் என்று பிறகு கடையில் மற்ற அட்டைகளைப் புரட்டியபோது தெரிந்தது. ‘ஐ’ எழுத்துக்கு ஐஸ்கிரீம் படம். அது எழுத்தின் பெயரைச் சொல்கிறதே தவிர, புத்தகத்தில் வரும் ‘பின்’, ‘சிட்’ போன்ற சொற்களில் அந்த எழுத்து தரும் ‘இ’ ஓசையைச் சொல்லவில்லை. ‘ஓ’வுக்கு ஆந்தை, ஆங்கிலத்தில் அதன் பெயர் ‘ஔ’ என்று தொடங்குகிறது. ‘யு’வுக்குக் கொம்பு வைத்த குதிரை, யூனிகார்ன். ‘சி’க்குச் சிறுத்தை, சீட்டா. ‘ஜி’க்கு ஜிராஃப். இவற்றிலும் அந்தந்த எழுத்தின் வழக்கமான ஓசை இல்லை. ‘எக்ஸ்’ஸுக்கு அந்தச் சைலஃபோன், எத்தனை தலைமுறையாகத்தான் அதை அடிப்பார்களோ! அந்தச் சொல் தொடங்குவது வரிக்குதிரையின் ‘ஸெட்’ ஓசையில். ‘எக்ஸ்’ ஒழுங்காக வேலை செய்வது பாக்ஸ், ஃபாக்ஸ் என்று சொல்லின் கடைசியில்தான். முதலெழுத்துக்குத்தான் படம் என்ற விதியை ஓர் எழுத்துக்காகவாவது தளர்த்தக் கூடாதா? ஆறு அட்டையிலும் வேறு படங்களை வெட்டி ஒட்டினேன். ஐஸ்கிரீமின் மேல் மைப்புட்டி, ‘இங்க்’. என் தொழிலுக்கு ஒரு மரியாதை. குதிரையின் மேல் குடை, சிறுத்தையின் மேல் பூனை. பேரனுக்கு ஐஸ்கிரீம் போனதில் வருத்தம்தான்.

எழுத்து வரிசையும் சரியில்லை. முதல் அட்டை ஏ, பிறகு பி, சி என்று அகராதி போல் போகிறது. இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவலாக எஸ், ஏ, டி, பி, ஐ, என் என்ற ஆறில் தொடங்குவார்கள் (இங்கே வருவது டேபிளின் ‘டி’, பென்சிலின் ‘பி’). இந்த ஆறும் கைக்கு வந்தால் முதல் வாரமே சிட், சாட், பின், பான், டின், நாப் என்று சொற்கள் கொட்டும். ஏபிசிடியில் முதல் ஆறு எழுத்தை வைத்துக்கொண்டு என்ன கோப்பது? ‘பெட்’, ‘பேட்’, ‘கேப்’ என்று சில வரும், அவ்வளவுதான். நம் ஊரிலும் அ முதல் ஔ வரை முடித்த பிறகே மற்றது என்று உட்காராமல், ட, ப, ம என்று கோடு எளிதான எழுத்துகளை முதலில் கொடுத்துப் படம், மடம், பட்டம் என்று உடனே சொல்லுக்கு இறங்கும் வழக்கம் உண்டு. அட்டைகள் தனித்தனியாக இருப்பதால் வரிசையை நீங்களே கலைத்து அடுக்கிக்கொள்ளலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

இனி ஒலி. கைப்பேசியில் வரும் பெண்குரல் இனிமையாக இருக்கிறது. சொல்லும் ஒலி தவறு. பென்சிலின் ‘பி’க்கு ‘பஹ்’ என்கிறது, டேபிளின் ‘டி’க்கு ‘டஹ்’, ‘கே’க்கு ‘கஹ்’. மூன்று ஓசையையும் சேர்த்துச் சொல் என்றால் பிள்ளை ‘கஹ்–ஆ–டஹ்’ என்று சொல்லிவிட்டு விழிக்கிறான். பூனை எங்கே? ‘கஹாடஹ்’ என்று ஒரு பிராணியை நானும் பார்த்ததில்லை. ஆங்கிலேயர்களுக்கே இது பெரிய தலைவலி. மெய்யின் பின்னால் ஒட்டிக்கொண்டு வரும் அந்த அரை உயிரை வெட்டி எறியச் சொல்லி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள். நமக்கு அந்தச் சிரமமே வேண்டாம். மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்பது என்று தொல்காப்பியர் எப்போதோ சொல்லிவிட்டார். க என்றால் ஒன்று, க் என்றால் வேறு. நம் பிள்ளைகளுக்கு இது பள்ளிக்குப் போகும் முன்பே காதில் விழுந்துவிடுகிறது. “ராசா, இந்த நீலக்கட்டைக்கு எல்லாம் தலையில் புள்ளி இருப்பதாக நினைத்துக்கொள்” என்றேன். க்–ஆ–ட். சட்டென்று பூனை வந்துவிட்டது.

மறுநாள் பார்த்தால் நீலக்கட்டை ஒவ்வொன்றின் தலையிலும் பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருக்கிறான். பாதியில் நின்று, “அப்பத்தா, இந்தச் சிவப்புக் கட்டைக்கு மட்டும் அவர்களே புள்ளி வைத்திருக்கிறார்கள். இது மெய்யெழுத்தா?” என்று ‘ஐ’யை நீட்டினான். உயிரெழுத்துக்குப் போய்ப் புள்ளி வைத்த வெள்ளைக்காரனை நான் என்னவென்று சொல்வேன்! “அது சும்மா அழகுக்கு” என்று சமாளித்தேன்.

இதே இடத்தில் நம் எழுத்தால் ஒரு இடைஞ்சலும் உண்டு. பஸ்ஸில் வரும் ஆங்கில ‘பி’யும் பென்சிலின் ‘பி’யும் தமிழில் ஒரே ப. இந்தக் கட்டுரையிலேயே எது எந்த ‘பி’ என்று சொல்ல நான் படும் பாட்டைப் பார்க்கிறீர்கள். ஆனால் பேச்சில் நாம் இரண்டையும் வேறாகத்தான் ஒலிக்கிறோம். தொண்டையில் விரல் வைத்துக்கொண்டு ‘பஸ்’ என்று சொல்லிப் பாருங்கள், எடுத்த உடனே அதிரும். ‘பழம்’ என்று சொன்னால் ப முடியும் வரை அதிர்வு இல்லை. பேரனுக்கு இது விளையாட்டாகிவிட்டது. பத்து நாள் வீட்டில் எல்லோர் தொண்டையிலும் விரல். அவன் தாத்தா தூங்கும்போது குறட்டையையும் சோதித்தான். பெட்டியோடு வந்த வழிகாட்டியில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. எந்த வீட்டு மொழி பேசும் பிள்ளைக்கு விற்கிறோம் என்று செய்தவர்கள் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

கதைப் புத்தகங்களைப் பற்றியும் அதே குறைதான். பன்னிரண்டும் ஒரே முறையில் எழுதியவை. கற்ற எழுத்துகளால் ஆன சொற்கள் மட்டுமே வரும், படத்தைப் பார்த்து ஊகிக்க இடம் கொடுக்கவில்லை. இது நல்ல முறை, பாராட்டுகிறேன். ஆனால் மூன்றாம் புத்தகத்தில் ஒரு கோழி ‘பென்’னுக்குள் உட்காருகிறது. பட்டியைத்தான் ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்களாம். நம் வீட்டில் பென் என்றால் சட்டைப்பையில் இருப்பது. பேரன் எழுத்துக்கூட்டித் தப்பில்லாமல் படித்துவிட்டு, நோட்டில் ஒரு பேனா வரைந்து, மூடியைக் கழற்றி, உள்ளே கோழியைத் திணித்திருந்தான். தலை மட்டும் வெளியே. அவன் வாசிப்பில் ஒரு பிழையும் இல்லை, புரிந்ததுதான் வேறு. தமிழில் ‘கடல்’ என்பதை க, ட, ல் என்று தடவித் தடவி வந்தாலும் கடைசியில் காது ‘அட, கடல்!’ என்று பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்தில் பிடிக்க உள்ளே சொல் இருந்தால்தானே? ஆகவே ஒவ்வொரு புத்தகத்துக்கும் முன் அதில் வரும் சொற்களை வாயால் பேசிவிட்டுத்தான் படிக்கக் கொடுக்க வேண்டியிருந்தது.

எட்டாம் புத்தகத்தில் ஒரு பக்கம் முழுக்கப் பொருளே இல்லாத சொற்கள்: விப், ஜோம், டெக் என்று. மருமகளின் வாட்ஸ்அப் குழுவில் இதே பெட்டி வாங்கிய தாய்மார்கள் அச்சுப்பிழை என்று கொதித்தார்கள். நான் அந்தப் பக்கத்துக்கு வக்காலத்து வாங்குவேன். இங்கிலாந்தில் 2012 முதல் ஐந்து ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு அரசே ஒரு வாசிப்புச் சோதனை வைக்கிறது. நாற்பது சொற்கள், அவற்றில் இருபது இப்படிப்பட்ட வெறும் ஓசைச் சொற்கள். மனப்பாடம் செய்தும் ஊகித்தும் அவற்றைச் சொல்ல முடியாது, எழுத்தைப் பார்த்தாக வேண்டும். மெய்ப்புத் திருத்துகிறவளுக்கு இதன் அருமை தெரியும். தெரிந்த சொல்லில்தான் பிழை ஒளிந்துகொள்ளும். கண் தானாகத் திருத்திப் படித்துக்கொண்டு போய்விடும். தெரியாத ஊர்ப்பெயர், மருந்துப் பெயர் வந்தால் எழுத்தெழுத்தாக நிற்போம். பேரனுக்கும் அந்தப் பக்கம் பிடித்திருக்கிறது. பூனைக்குட்டிக்கு ‘விப்’ என்று பெயர் வைத்துவிட்டான்.

பத்தாம் புத்தகம்தான் என்னைப் பொறுத்தவரை இந்தப் பெட்டியின் மணி. சொல்லின் கடைசியில் வந்து நின்று தான் வாய் திறக்காமல் முன்னால் இருக்கும் உயிரை நீட்டிவிடும் ‘ஈ’யைச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ‘டப்’ என்று மூன்று கட்டை. குளியலறையில் இருக்கிறதே, அந்த டப். கடைசியில் ஒரு ‘ஈ’யைத் தள்ளினால் ‘ட்யூப்’, கூடத்தில் எரிகிற ட்யூப். ‘கிட்’டோடு ஒரு ‘ஈ’ சேர்ந்தால் ‘கைட்’, பட்டம். அட்டையில் அச்சிட்டுக் காட்டினால் இது வெறும் விதி. கட்டையைக் கையால் தள்ளி ஒட்டும்போது, அது வந்து சேர்ந்த நொடியில் வாயில் ஒலி மாறுகிறது. மரக்கட்டைக்குக் கொடுத்த காசு அந்த இடத்தில் வந்துவிட்டது. பேரன் ‘ஈ’யை ஒட்டுவதும் எடுப்பதுமாக, டப், ட்யூப், டப், ட்யூப் என்று விளக்கைப் போட்டு அணைப்பது போல அரைமணி நேரம் ஆடினான்.

எனக்கு அப்போது நினைவு வந்தது கொம்பு. நாம் ‘கெ’ என்று சொல்லும்போது வாய் முதலில் க் என்கிறது, பிறகு எ. எழுதும்போது கொம்பு முன்னால், க பின்னால். வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம் என் கை இதில்தான் தடுமாறியது. வாய் ‘கெண்டை’ என்று முணுமுணுக்கும். கை க இருக்கும் அறைக்குப் போய்விடும். பிறகு திரும்பி வந்து கொம்பைத் தேடும். மேஸ்திரி ஸ்கேலால் விரலில் தட்டுவார். நம் கொம்பு முன்னால் நின்றுகொண்டு பின்னால் ஒலிக்கிறது. அவர்கள் ‘ஈ’ பின்னால் நின்றுகொண்டு முன்னால் வேலை செய்கிறது. பேரனிடம் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். “இரண்டும் தாண்டிக் குதிக்கிறது” என்றான். அவன் அதுவரை ‘கெ’யை ‘எக்’ என்று படித்துக்கொண்டிருந்தவன். அதோடு நிறுத்திவிட்டான்.

இப்போது அந்த இலவசத் தமிழ் அட்டைகள். உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1, ஆக 247 அட்டை. ஒன்றும் விடவில்லை. ஙௌ கூட இருக்கிறது. என் தொழில் வாழ்க்கையில் ஙௌவைக் கோத்ததாக நினைவில்லை. ங வரிசையில் ‘ஙப் போல் வளை’ என்று ஆத்திசூடிக்கு ஒன்று, அங்ஙனம் இங்ஙனம் என்று எழுதும் புலவர்களுக்காகச் சில, மற்றபடி புள்ளி வைத்த ங் மட்டுமே. பிள்ளையின் முன்னால் 247 அட்டையைக் கொட்டினால் அது மலை. உண்மையில் அவன் கற்க வேண்டியது முப்பது எழுத்தும், கால், கொம்பு, சுழி என்று ஒரு கைப்பிடிக் குறிகளும், உகர ஊகாரத்தில் வரும் சில முரண்டுகளும்தான். 1978-இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை போட்டு ணா, றா, னா, ணை, லை, ளை, னை உள்ளிட்ட பதின்மூன்று எழுத்துகளின் பழைய வடிவத்தை மாற்றியபோது நான் கேஸின் முன்னால் நின்றவள். லைக்கும் ளைக்கும் இருந்த யானைத் தும்பிக்கை போய் எல்லோருக்கும் ஒரே கொம்பு என்றானது. தனி வடிவங்கள் குறைந்து பொதுக்குறி வந்தால் கற்பது எவ்வளவு சுளுவு என்று கையால் அறிந்தேன். அந்தச் சுளுவையெல்லாம் இந்த 247 அட்டை மறைத்துவிடுகிறது. குறியைத் தனி அட்டையாகக் கொடுத்து ஒட்டி எடுக்க விட்டிருந்தால் ஐம்பது அட்டையில் முடிந்திருக்கும். ஆங்கிலத்துக்குச் செய்த யோசனையில் கால்பங்கு செலவழித்திருந்தால் போதும். இலவசம்தானே என்று நினைத்திருப்பார்கள்.

நான் அட்டைக்கட்டைப் பரணில் போட்டுவிட்டு, பழைய கல்யாணப் பத்திரிகைகளின் வெள்ளைப் பின்பக்கத்தை வெட்டி ஆறே ஆறு அட்டை செய்தேன். ஸ்கெட்ச் பேனாவால் பெரிதாக எழுதியது: சங்கு, பஞ்சு, வண்டு, பந்து, பாம்பு, கன்று. இந்த ஆறு சொல்லில் எவ்வளவு இருக்கிறது பாருங்கள். ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற என்று மெல்லினம் ஆறும் தத்தம் வல்லினத்தோடு ஜோடியாக வந்துவிடுகின்றன. மூன்று சுழி ண் வந்தால் அடுத்தது ட, இரண்டு சுழி ன் வந்தால் அடுத்தது ற என்று கண் பழகிவிட்டால், பின்னாளில் ‘வன்டி’ என்றும் ‘கண்று’ என்றும் எழுத மாட்டான். மெய்ப்பில் நான் அடித்த சிவப்புக் கோடுகளில் பெரும்பங்கு இவற்றுக்குத்தான். அந்த வல்லினம் மெல்லினத்தின் பின்னால் வரும்போது குழைந்து ஒலிப்பதும் தொண்டையில் விரல் வைத்தால் தெரிகிறது. கூடவே கு, சு, டு, து, பு, று என்று பிள்ளைகளைத் திணறவைக்கும் உகர வடிவங்கள் ஆறும் சொல்லின் வாலில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. படம் வரைவதும் எளிது. கன்று மட்டும் நாய் போல வந்துவிட்டது. செலவு ஒன்றுமில்லை.

எதிர்வீட்டுச் சிறுமி அரசுப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு. ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகள் நிற்கும் நிலைக்கு ஏற்பப் பயிற்சி கொடுக்கிறார்கள். அவள் மொட்டு. மாலையில் வந்து எங்கள் தட்டின் முன்னால் உட்காருவாள். ஆங்கிலக் கட்டையில் பேரன் அவளுக்குச் சொல்லித்தருவான். தமிழில் அவள் இவனை மிரட்டுவாள். “இது மூன்று சுழிடா!” என்று அவள் அதட்டும்போது நான் உள்ளே போய்விடுவேன். ஒரு பெட்டிக்கு இரண்டு பிள்ளைகள் இருந்தால் நல்லது என்பது என் அனுபவம். ஒருவன் மட்டும் என்றால் கட்டையை அடுக்கி ரயில் விடத்தான் தோன்றும்.

ஆகவே வாங்கலாமா? கட்டைக்கும் தட்டுக்கும் புத்தகத்துக்கும் வாங்கலாம். ஒலிக்காக வேண்டாம், தமிழ் அட்டைக்காக வேண்டவே வேண்டாம். பிள்ளையோடு தினம் இருபது நிமிடம் உட்கார ஆள் இருக்கும் வீட்டுக்குத்தான் இது உதவும். கையில் கொடுத்துவிட்டு நகர்ந்தால் ரயில்தான். 1,850 அதிகம், ஆயிரத்துச் சொச்சம் என்றால் வாய் திறந்திருக்க மாட்டேன். ஐந்துக்கு மூன்று.

‘ஈ’ பற்றாக்குறையை நிறுவனத்துக்கு எழுதச் சொன்னேன். மருமகள், “அத்தை, இதற்கெல்லாமா எழுதுவார்கள்?” என்றாள். எழுதினாள். கூடுதலாக எட்டு ‘ஈ’ வேண்டும், காசு கொடுக்கத் தயார், மற்றது எதுவும் தேவையில்லை என்று தெளிவாக எழுதினாள். பதினோரு நாள் கழித்து ஒரு சிறிய பொட்டலம் வந்தது. சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு சீட்டு. உள்ளே ஏ முதல் ஸெட் வரை எழுத்துக்கு ஒன்றாக இருபத்தாறு கட்டை. இப்போது எங்கள் வீட்டில் ‘ஈ’ ஐந்து இருக்கிறது. ‘க்யூ’வும் ஐந்து இருக்கிறது.